ரேடியோவில் கூப்பிட்ட உறவு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு எப்படியும் ரேடியோவில் போய் நிற்கிறது. மரப்பெட்டி, முன்னால் ஒட்டியிருந்த துணி, முள்ளை நகர்த்தும்போது வரும் கரகரப்பு என்று ஆளாளுக்கு உருகுகிறீர்கள். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் உச்சுக் கொட்டுகிறீர்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். ரேடியோ மேல் உனக்கு அப்படி என்ன கோபம் என்று ஒரு கல்யாண வீட்டில் கேட்டீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ரேடியோ மேல் ஒரு கோபமும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல்தான் கோபம்.

எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. அனுப்பர்பாளையம் போகும் வழியில் எங்கள் வீடு. முன்பக்கம் பனியன் கம்பெனி, பின்பக்கம் நாங்கள் குடியிருந்தோம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, நாலைந்து தையல் மெஷின், ஒரு கட்டிங் மேசை, ஓரமாகச் சாக்கு விரித்து உட்கார்ந்து பிசிர் வெட்டும் பெண்கள், அவ்வளவுதான். குன்னத்தூர்ப் பக்கம் இருந்த மானாவாரிக் காட்டை விற்றுவிட்டு அப்பா தொடங்கியது. சோற்றில், படுக்கையில், தலைமுடியில் எங்கும் பஞ்சுத் தூசி. தெருவில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் சலவைப் பட்டறையின் குளோரின் வாசம் கூடவே வரும்.

கட்டிங் மேசைக்கு மேலே பலகை அடித்து ரேடியோவை வைத்திருந்தார் அப்பா. மெஷின் சத்தத்துக்கு அது போதாது என்று ஒயர் இழுத்து, ஒரு தகரக் குழாய் ஸ்பீக்கரையும் சுவரில் மாட்டியிருந்தார். மாட்டும்போதே கீழே விழுந்து அதன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. காலையில் சாமி படத்துக்குப் பூ வைக்கிறாரோ இல்லையோ, ரேடியோத் துணியில் ஒட்டிய பஞ்சை வாயால் ஊதிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை. ஏனென்றால் அதில் பேசியது அவருடைய தங்கை.

என் அத்தை நகரத்து ரேடியோ ஸ்டேஷனில் பேசினாள். நிரந்தர வேலை இல்லை. கூப்பிடுகிற நாளில் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். நீல ரெக்ஸின் பை, அதற்குள் தொண்டைக்குப் பனங்கற்கண்டு. சாயந்தரம் விவசாயிகளுக்காக ஒரு நிகழ்ச்சி வரும். அதில் ஒரு பண்ணையத்துக்காரரும் அவர் பெண்டாட்டியும் எங்கள் பேச்சிலேயே பேசிக்கொள்வார்கள். பருத்தியில் காய்ப்புழு, மாட்டுக்குக் கோமாரி, மஞ்சள் விலை, எதுவானாலும் புருஷனை வம்புக்கு இழுத்தபடியே கேள்வி கேட்கிற பெண்டாட்டி அத்தைதான். 'ஏனுங்க மாமா' என்று ஆரம்பிப்பாள். கடைசி எழுத்தை லேசாக இழுத்து, அதிலேயே ஒரு சிரிப்பை மடித்து வைத்திருப்பாள். அந்த நேரத்துக்கு ஓவர்லாக் அடிப்பவர்கள் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். எங்கள் கம்பெனி மட்டுமில்லை, அந்தத் தெருவில் அத்தனை கம்பெனியிலும் மெஷின் நிற்கும்.

வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள். தாய் தகப்பன் இல்லாத பெண், அண்ணன் வீட்டில் சத்தமாகப் பேசினால் அண்ணிக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம் அவளுக்கு. என் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்றாலும் பயம் பயம்தானே. இருக்கிற பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து அந்தக் கால் மணி நேரத்தில் பேசிவிட்டு வருகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் லீவு. என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். அத்தனை கனமான கதவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உள்ளே போனதும் காது அடைத்துக்கொண்டது. சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட பலகை. மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு அந்த அமைதி பயமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். ஊரே பொறாமைப்படுகிற அந்த 'மாமா'வை அங்கேதான் பார்த்தேன். வழுக்கைத் தலை, கூன் விழுந்த முதுகு, பல்செட். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்பு ஒரு டம்ளர் சுடுதண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். சிவப்பு விளக்கு எரிந்ததும் அந்தக் கிழவர் முப்பது வயசுக்காரர் ஆகிவிட்டார். மாட்டு மணியையும் அவரே ஒரு கையால் ஆட்டினார். விளக்கு அணைந்ததும் அத்தையைப் பார்த்து, "நல்லாப் பண்ணுனே கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பல்செட்டைக் கழற்றித் துடைத்தார்.

அவர்தான் அத்தையிடம் அந்தச் செய்தியைச் சொன்னார். நிரந்தர அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், அதிகாரிக்கு அவள் குரல் பிடித்திருக்கிறது, இந்த வருஷம் ஒழுங்காக ஓட்டிவிட்டால் போதும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்தபடியே வந்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. எனக்கு இது ஒண்ணு கெடைச்சாப் போதும் கண்ணு, வேற ஒண்ணும் வேண்டாம் என்று சொன்னாள். அவள் வாயால் எதையாவது வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீடு வந்தது.

வசதியான இடம். காடு தோட்டமும் உண்டு, டவுனில் பெரிய கம்பெனியும் உண்டு. வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்துப் போயிற்று. இலையில் சாப்பிட்டு முடித்துத் தாம்பூலம் போடுகிற நேரம். முன்பக்கம் ஸ்பீக்கரில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒலிபரப்பானது முன்பே பதிவு செய்த நிகழ்ச்சி. 'ஏனுங்க மாமா' என்று அத்தையின் குரல் சிரித்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"தெனமும் ஊரறிய ஒருத்தரை மாமாங்கறாளே, நாளைக்கு எம் பையனை என்னன்னு கூப்புடுவா?"

இதைக் கேட்டால் இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் உறவுமுறை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்கூட எந்தக் கூட்டம், என்ன குலம் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சே தொடங்குவார். பங்காளி முறை ஆனால் அண்ணன், கொண்டு கொடுக்கிற முறை ஆனால் மாமன், மச்சான். வயசுக்கு வந்த பெண் ஒருவனை மாமா என்று கூப்பிட்டாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் கூப்பிட்டதோ தகரக் குழாயில், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

அவர்கள் போன பிறகு அப்பா கட்டிங் மேசையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அது நடிப்புதானே என்று அத்தை சொன்னாள். நடிப்பு என்று எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா என்றார் அப்பா.

"ஊருதான் தெனமும் கேக்குதுங்களே அண்ணா. தெரியாமயா கேக்குது?" என்றாள் அத்தை.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். அந்த மாமா பல்செட் கட்டிய கிழவர் என்று நான் நடுவில் புகுந்து சொன்னேன். பெரியவங்க பேசும்போது உனக்கென்ன வேலை என்று எனக்கு ஒரு குட்டு விழுந்தது. அவர் கிழவர் என்பது அப்பாவுக்கும் தெரியும், அவரே ஸ்டேஷனில் பார்த்தவர்தான். ஆனால் தனக்குத் தெரிந்ததற்கு மதிப்பில்லை, ஊர் என்ன நினைக்கும் என்பதற்குத்தான் மதிப்பு.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆட்கள் போனார்கள், வந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாவே ஒரு வழி சொல்லி அனுப்பினாள். ஊரறியக் கூப்பிட்ட முறையை ஊரறிய மாற்றிக் கூப்பிடட்டும். அதே ரேடியோவில், அதே ஆளை, ஒரே ஒரு தடவை 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டால் போதும். முறை மாறிவிடும், தோஷம் கழிந்துவிடும், தட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கோயிலில் பரிகாரம் சொல்வார்கள், குளத்தில் முழுக்குப் போடச் சொல்வார்கள். ரேடியோ ஸ்டேஷனில் பரிகாரம் செய்யச் சொன்னது உலகத்திலேயே எங்கள் சொந்தம் ஒன்றுதான் இருக்கும். அப்பாவுக்கு அது அற்புதமான யோசனையாகப் பட்டது. எவ்வளவு பெருந்தன்மை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அத்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைத்தான் பேச வேண்டும், மாற்றிப் பேசினால் இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்று அம்மாவிடம் அழுதாள். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா வந்து அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அன்று அவர் அவளை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை அவள் மறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"ஒரே ஒரு தடவை சொல்லிரு அம்மிணி. ஒரு வார்த்தைதான. வாய் தவறிப் போச்சுன்னு ஸ்டேஷன்ல சொல்லிக்கலாம். கல்யாணத்துக்கு அப்பறமும் நீ ரேடியோவுக்குப் போலாம், அதுக்கு நான் ஜவாப்பு" என்றார்.

அத்தை எழுந்து உட்கார்ந்து, நிஜமாத்தானுங்களா அண்ணா என்று கேட்டாள். அப்பா அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அப்பா பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தான் சொன்னால் நடக்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். இந்த மாதிரி நம்புகிறவர்கள்தான் மற்றவர் குடியைக் கெடுக்கிறார்கள்.

அத்தை அதைச் சொல்லப் போன சாயந்தரம் கம்பெனி முழுக்க நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ரேடியோத் துணியை இன்னொரு தடவை ஊதிவிட்டார். அன்றைக்கு நேரடி ஒலிபரப்பு. மாட்டு மணி கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோ நின்றுவிட்டதோ என்று அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அண்ணா" என்றாள் அத்தை.

அதில் சிரிப்பு இல்லை. அந்தப் பக்கம் கிழவர் ஒரு மூச்சு அளவுக்குத் திகைத்துப் போனார். அடுத்த நொடி அவருடைய முப்பது வயசுக் குரல், "வா கண்ணு, எப்ப வந்தே? ஊட்டுல மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்டது. புருஷன் வீட்டிலிருந்து வந்த தங்கையிடம் பேசுவது போலவே அந்த நிகழ்ச்சியை முடித்துவிட்டார் அந்த மனிதர். எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருந்த கேலி கிண்டல் எல்லாம் வீணாகப் போயிற்று. பருத்திக்கு மருந்தடிக்கிற கணக்கு மட்டும்தான் மிச்சம்.

எங்கள் கம்பெனியில் ஒரு டைலர், நேத்து வரைக்கும் பொண்டாட்டி, இன்னைக்குத் தங்கச்சியா என்று சத்தமாகக் கேட்டார். கூரை அதிரச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, முடிஞ்சுது என்றார்.

முடிந்துதான் போயிற்று. பெண்டாட்டி எப்படித் தங்கச்சி ஆனாள் என்று கேட்டு ஸ்டேஷனுக்கு மூட்டை மூட்டையாகக் கார்டு வந்ததாம். அதிகாரி அத்தையைக் கூப்பிட்டு, உங்க ஊட்டுப் பஞ்சாயத்தைப் பண்றதுக்கு இது எடமில்லம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அறிவிப்பாளர் வேலை வேறு யாருக்கோ போயிற்று. சரி, கல்யாணம் முடிந்ததும் மறுபடி முயற்சி செய்யலாம் என்று இருந்தவளிடம் மாமியார், எங்க ஊட்டு மருமக மைக்குல பேசி ஆருக்குக் காட்டோணும் என்று கேட்டுவிட்டாள். அத்தை அப்பாவைப் பார்த்தாள். ஜவாப்புச் சொல்கிறேன் என்றவர், கட்டிக் கொடுத்தாச்சு, இனி அவங்க சொல்றதைக் கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அதுதான்.

தைப் பொங்கல் சீர் கொண்டுபோன போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அத்தை அப்பாவை, வாங்க என்றாள். உட்காருங்க, சாப்புடுங்க என்றாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அண்ணா என்று சொல்லவில்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தடுத்து எத்தனையோ நல்லது கெட்டதில் பார்த்தேன். என் அம்மாவை அண்ணி என்பாள், என்னைக் கண்ணு என்பாள். அப்பாவுக்கு மட்டும் தெருவில் போகிற ஜவுளி வியாபாரிக்குச் சொல்கிற அதே 'வாங்க'தான். ரேடியோவில் சொன்னதோடு அந்த வார்த்தையை அவள் முடித்துக்கொண்டாள். அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. சீர்த் தட்டை வைத்துவிட்டு நிமிரும்போதெல்லாம் அவள் வாயையே பார்ப்பார்.

அப்புறம் அந்த ஸ்டேஷன் தேய்ந்த கதை உங்களுக்கே தெரியும். பெண்டாட்டி வேஷத்துக்குப் பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி பேசுகிற ஒரு பெண் வந்தாள். மெஷின் நிறுத்திக் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். நிகழ்ச்சியின் நேரத்தைக் குறைத்தார்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டு சினிமாப் பாட்டுப் போட்டார்கள். கம்பெனிகளில் டேப் ரெக்கார்டர் வந்தது, வீடுகளில் டி.வி. வந்தது. எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்த கம்பெனிகளில் பாட்டும் கூடாது என்றாகிவிட்டது. எந்த ஊர் கேட்டுவிடும் என்று பயந்து அத்தையின் வாயைக் கட்டினார்களோ, அந்த ஊர் ரேடியோவையே மூடி வைத்துவிட்டது. ஒரு நாலைந்து வருஷம் பொறுத்திருந்தால் அவள் மைக்கில் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது.

அந்தக் கிழவரை ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பல்செட் இல்லை, பேச்சு குழறியது. பாதி ரூம்களைப் பூட்டிட்டாங்க கண்ணு, கேக்கறதுக்கு ஆளில்லையாம் என்றார். பிறகு, அன்றைக்குத் தான் தங்கச்சி என்று ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது, 'என்ன புள்ள, வாய் குழறுது?' என்று சிரித்து இழுத்திருந்தால் வாய் தவறியதாகப் போயிருக்கும், அவள் வேலையாவது நிலைத்திருக்கும் என்றார். அந்த விஷயத்தில் தன் மேல் தப்பு உண்டு என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். தப்பே செய்யாதவரும் அவர் ஒருத்தர்தான்.

தொண்ணூறுகளில் அப்பாவின் கம்பெனி படுத்துவிட்டது. உள்ளூர் பனியனுக்கு ஆர்டர் இல்லை, எக்ஸ்போர்ட்டுக்கு அவருக்குத் தெம்பு இல்லை. மெஷின்களை விற்றோம். மிச்சமிருந்த சாமான்களை அத்தை வீட்டுக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவையும் எடுத்துக்கொண்டார்கள். கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். சொந்த மச்சானைக் கைவிடாத பெருந்தன்மை என்று அதையும் ஊரே பேசியது.

காலேஜ் லீவில் ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஹால் முழுக்க டியூப் லைட், வரிசை வரிசையாக மெஷின்கள், ஒருவரும் தலை நிமிரவில்லை. அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். அண்ணாந்து பார்த்தேன். சுவரில் எங்கள் தகரக் குழாய் ஸ்பீக்கர். அதே நசுங்கிய விளிம்பு. சட்டென்று அது கரகரத்தது.

"மூணாம் லைன் கவனிக்கவும். டார்கெட் முடியலை. டார்கெட் முடியாம யாரும் எந்திரிக்கக் கூடாது."

கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு மறுபடி அண்ணாந்தேன். அத்தையின் குரல். மேலே கண்ணாடி ரூமில் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நல்ல குரலை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியாளை எதற்கு வேலைக்கு வைப்பது என்று மாமியாரே உட்கார வைத்தாளாம். மைக்கில் பேசுவது குடும்பத்துக்கு ஆகாது என்றவள்தான். நம் கம்பெனி, நம் மைக் என்றால் ஒரு தோஷமும் இல்லை போலிருக்கிறது. எந்தக் குரலுக்காக இந்த ஊரில் மெஷினை நிறுத்தினார்களோ, அந்தக் குரலுக்குப் பயந்து இப்போது வேகமாக மிதித்தார்கள். பக்கத்தில் ஒரு பெண், இவ வாயில மண்ணைப் போட என்று முணுமுணுத்தபடி துணியைத் தள்ளினாள். அந்த முணுமுணுப்பு அப்பாவுக்கும் கேட்டது.

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது.

"கட்டிங் சூப்பர்வைசர் ஆபீசுக்கு வரவும்."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, அண்ணா வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம் அத்தைக்கு?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டியதை விடக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

"மைக்குல போயி ஆராச்சும் மொறை சொல்லிக் கூப்புடுவாங்களா கண்ணு" என்று சொல்லிவிட்டு, படியேறிப் போனார்.